‘தெரிந்த கோளாறு’ என்று சொன்னால் மட்டும் போதுமா?

ஒரு எஞ்சினில் தயாரிப்பிலேயே கோளாறு இருப்பது ஊருக்கே தெரிந்திருக்கும். மெக்கானிக்குக்குத் தெரியும், சர்வீஸ் அட்வைசருக்குத் தெரியும், நிறுவனமே டீலர்களுக்கு அதைப் பற்றி எழுத்தில் அனுப்பியிருக்கும். அப்படிப்பட்ட எஞ்சின் வாரண்டி முடிந்த சில மாதங்களில் ராடு அடிக்கத் (பிஸ்டனைத் தாங்கும் ராடின் பேரிங் தேய்ந்து தட்டும் சத்தம்) தொடங்கினால், செலவை நிறுவனம் ஏற்க வேண்டியதுதானே? நியாயம் அதுதான். நடப்பதோ வேறு. ஒரே மாடல், ஒரே கோளாறு, கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டர். ஒருவருக்குப் புது எஞ்சின் கிடைக்கிறது, இன்னொருவருக்கு ‘வருந்துகிறோம்’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் வருகிறது. எல்லாம் அதிர்ஷ்டம் என்றோ, நிறுவனத்தின் கல்நெஞ்சு என்றோ முடித்துவிடலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் அந்த விளக்கம் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. கோரிக்கை மறுக்கப்படும் விதத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: வண்டிக்காரர் ஒரு கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு போகிறார், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோ வேறு கேள்வி கேட்கிறார்.

‘இந்த மாடலில் இந்தக் கோளாறு உண்டா, இல்லையா’ என்பது வண்டிக்காரரின் கேள்வி. அதற்காகச் செய்திகள், காணொளிகள், மற்றவர்களின் புகார்கள் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கட்டிக்கொண்டு போகிறார். நிறுவனத்தின் ஆள் கேட்பது: ‘இந்தச் சேசிஸ் நம்பரில் இருக்கும் இந்த எஞ்சின், அந்தக் கோளாறால்தான் போனதா? ஆயில் மாற்றாமல் ஓட்டியதால் போனதா?’ அச்செடுத்த கட்டில் இதற்குப் பதில் ஒரு வரிகூட இருக்காது. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 எஞ்சினைவிட நன்றாகப் பதிவான கோளாறு சமீப காலத்தில் குறைவு. கிராங்க்‌ஷாஃப்டின் ஆயில் துளைகளில் கடைசல் வேலையின் உலோகத் துகள் தங்கிவிட்டது, அது ராடு பேரிங்கை (ராடும் கிராங்க்கும் சேரும் இடத்தில் உள்ள மெல்லிய உலோக உறை) தின்றது. அமெரிக்காவில் 2015-இல் 2011, 2012 சொனாட்டா கார்களுக்கு ரீகால் வந்தது. பிறகு அது விரிந்தது. கடைசியில் வழக்குச் சமரசத்தில் ஷார்ட் பிளாக்குக்கு (பிளாக், கிராங்க், பிஸ்டன் அடங்கிய எஞ்சினின் கீழ்ப்பாதி) ஆயுள்கால வாரண்டியே கொடுத்தார்கள். அந்தச் சமரசத்திலும் ‘மிதமிஞ்சிய பராமரிப்பின்மை’ இருந்தால் பொருந்தாது என்று ஒரு விலக்கு இருந்தது. நிறுவனமே ஒப்புக்கொண்ட கோளாறிலும் இரண்டாவது கேள்வி சாகவில்லை. ஆகவே உதவி கேட்டுப் போகிறவர் உழைப்பின் பெரும்பகுதியை அந்த இரண்டாவது கேள்வியில்தான் செலவழிக்க வேண்டும்.

கையில் இருக்கும் காகிதம் எந்த ரகம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ரீகால், வாரண்டி நீட்டிப்பு, டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். அவை தரும் உரிமை ஒன்றல்ல. ரீகால் என்றால் பாதுகாப்புப் பிரச்சினை. வண்டி யார் கையில் இருந்தாலும், எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும், வேலை இலவசம். ஏற்கெனவே கைக்காசு போட்டுச் சரிசெய்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் பல நாடுகளில் வழி உண்டு, பில் பத்திரமாக இருந்தால். வாரண்டி நீட்டிப்பு குறிப்பிட்ட ஒரு பழுதுக்கு மட்டும் காலத்தை நீட்டுவது. 2006 முதல் 2008 வரையிலான ஹோண்டா சிவிக்கின் 1.8 லிட்டர் எஞ்சினில் பிளாக் வெடித்துக் கூலன்ட் கசிந்தபோது, ஹோண்டா அமெரிக்காவில் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை முதலில் 8 ஆண்டுக்கும் பிறகு 10 ஆண்டுக்கும் நீட்டியது. ஐரோப்பாவில் பெஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 பியூர்டெக் எஞ்சினின் டைமிங் பெல்ட் சிக்கலுக்கு ஸ்டெல்லாண்டிஸ் 2024-இல் 10 ஆண்டு அல்லது 1,75,000 கி.மீ. என்று அறிவித்தது. அதற்கும் சர்வீஸ் அட்டவணைப்படி பராமரித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

புல்லட்டின் இந்த இரண்டையும்விடக் கீழ்ப்படியில் இருப்பது. ‘இந்த அறிகுறி வந்தால் இப்படிச் சோதி, இந்தப் பாகத்தை மாற்று’ என்று டீலரின் மெக்கானிக்குக்கு எழுதிய குறிப்பு, அவ்வளவுதான். செலவு யாருடையது என்பதை அது தீர்மானிப்பதில்லை. ‘வழக்கமான வாரண்டிக் காலத்துக்குள் இருந்தால்’ என்ற வாசகம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆனாலும் உரிமையாளருக்கு மிகவும் பயன்படும் காகிதம் அதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நிறுவனம் எதைக் கோளாறு என்று ஏற்கிறது என்பதன் அளவுகோல் அதில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது தலைப்பைத் தாண்டி நான்கு இடங்களில் நிறுத்திப் படிக்க வேண்டும்: எந்தத் தேதி வரை அல்லது எந்த எஞ்சின் நம்பர் வரை தயாரானவை என்ற வரம்பு, சோதனை முறை, எந்த எண்ணைத் தாண்டினால் பழுது என்ற வரம்பு, மாற்ற வேண்டிய பாகத்தின் பழைய, புதிய பார்ட் நம்பர். எஞ்சின் நம்பர் அந்த வரம்புக்கு வெளியே இருந்தால் புல்லட்டினை மேஜையில் போட்டு வாதாடுவது வீண். அப்போது அறிகுறியையும் சோதனை முடிவையும் மட்டும் வைத்துப் பேச வேண்டும்.

இன்னொன்று. புல்லட்டின் எண்ணைச் சொல்லி ‘இதைச் செய்யுங்கள்’ என்று கேட்பவரைவிட, அறிகுறியைச் சொல்லி ‘இதற்கு உங்கள் முறைப்படி என்ன சோதனை’ என்று கேட்பவருக்கு டீலர் பக்கம் ஒத்துழைப்பு அதிகம். முதலாமவர் முடிவோடு வருகிறார். இரண்டாமவருக்காகத் திறக்கும் ஜாப் கார்டில் அறிகுறி அவர் சொன்னபடியே பதிவாகிறது. ‘கஸ்டமர் புகார்: ஜெனரல் செக்கப்’ என்று எழுதப்பட்ட ஜாப் கார்டு பின்னால் எதற்கும் உதவாது. ‘குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்ததும் 3 நொடி செயின் சத்தம்’ என்று எழுதியிருந்தால், வாரண்டிக்குள்ளேயே புகார் சொன்னதற்கு அது சாட்சி. கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு வரியைப் படித்துவிட வேண்டும்.

ஆயில் குடிக்கும் எஞ்சின்

எல்லாக் கோளாறுகளிலும் அதிகம் இழுபறியாவது ஆயில் குறைவது. சத்தம் இல்லை, விளக்கு எரிவதில்லை, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. காரணம் பெரும்பாலும் பிஸ்டனில். ஆயில் கன்ட்ரோல் ரிங் சிலிண்டர் சுவரிலிருந்து வழித்தெடுக்கும் ஆயில், எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்குத் திரும்பச் சிறு துளைகள் உண்டு. அவை போதாத அளவில் இருந்தால் கரி அடைத்துக்கொள்ளும். ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும், ஆயில் மேலே ஏறி எரியும். டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சினில் நடந்தது இது. ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் இஏ888 இரண்டாம் தலைமுறை எஞ்சினிலும் ஏறத்தாழ இதேதான். இரண்டுக்கும் தீர்வு மாற்றி வடிவமைத்த பிஸ்டனும் ரிங்கும்.

டொயோட்டாவின் 2011 புல்லட்டினில் வரம்பு 1,200 மைலுக்கு ஒரு குவார்ட். அதாவது சுமார் 1,930 கி.மீ.க்கு 0.95 லிட்டர். சில ஐரோப்பிய நிறுவனங்களின் கையேட்டில் 1,000 கி.மீ.க்கு 0.5 லிட்டர் வரை இயல்பு என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே எண் ஓரிடத்தில் பழுதுக்கு எல்லைக்கோடாகவும் இன்னோரிடத்தில் இயல்புக்கு உச்சமாகவும் நிற்கிறது. அந்த வேகத்தில் 10,000 கி.மீ. ஓடினால் 5 லிட்டர், பல கார்களில் சம்பின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவுதான். இதை ‘இயல்பு’ என்று அச்சடித்துக் கொடுக்கும் துணிச்சலை என்ன சொல்வது? ஆனால் சண்டையை அந்த வாசகத்தோடு போடுவதில் பலன் இல்லை, அளவோடுதான் போட வேண்டும்.

டீலரிடம் நடக்கும் சோதனை எளிமையானது. புது ஆயில், புது ஃபில்டர், டிப்ஸ்டிக்கின் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) மேல்கோடு வரை நிரப்பல். டிரெயின் போல்ட், ஃபில்டர், டிப்ஸ்டிக், நிரப்பும் மூடி எல்லாவற்றிலும் பெயின்ட் கோடு அல்லது சீல். ஓடோமீட்டர் எழுதிக்கொண்டு அனுப்புவார்கள். சொன்ன தூரம் ஓடியதும் திரும்ப வந்து அளக்க வேண்டும். இவ்வளவு எளிய சோதனை கெட்டுப்போவதும் எளிது. தொடக்க அளவை எஞ்சின் நின்ற உடனே எடுத்தால் ஆயில் இன்னும் மேலேயே இருக்கும், கோடு குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள், தொடக்கமே அதிகமாகிவிடும். முடிவில் ஆற அமர அளந்தால் குறைந்தது கொஞ்சம்தான் என்று காட்டும். இரண்டு முறையும் ஒரே சமதளம், ஒரே சூடு, நிறுத்தியபின் ஒரே இடைவெளி, அதாவது கையேடு சொல்லும் நிமிடங்கள். டிப்ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு இடையே பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர். கோட்டைப் பார்த்துச் சொல்லும் கண்ணளவில் கால் லிட்டர் சுலபமாக மாறும். ஆகவே எடையில் அளக்கச் சொல்லிக் கேட்பது நல்லது: வடித்த ஆயிலை எடைபோட்டு, ஊற்றியதன் எடையிலிருந்து கழிக்க வேண்டும். எஞ்சின் ஆயில் லிட்டருக்கு ஏறத்தாழ 850 கிராம். 425 கிராம் குறைந்தால் அரை லிட்டர் போயிருக்கிறது. பழைய ஃபில்டருக்குள் தங்கும் ஆயிலையும் சேர்த்துக்கொள்ள மறக்கக் கூடாது.

பலர் கவனிக்காத இன்னொரு கண்ணி உண்டு. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில், எஞ்சின் சூடேறுமுன் முடிந்துவிடும் குறுகிய ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் எரிந்துகொண்டிருந்தாலும் அளவு குறையாது, சில சமயம் ஏறவும் செய்யும். பிறகு ஒரு நீண்ட சூடான பயணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போக, டிப்ஸ்டிக் திடீரென்று சரியும். சோதனைத் தூரம் முழுவதையும் குறுகிய ஓட்டமாக ஓட்டினால் பழுதான எஞ்சினும் தேறிவிடும். இதற்குச் செய்ய வேண்டியது அளவெடுக்குமுன் ஒரு முழுச் சூட்டுப் பயணம், அதோடு ஆயில் மாதிரியில் எரிபொருள் கலப்பு எவ்வளவு என்ற ஆய்வு.

சோதனை முடியும்வரை எஞ்சின் ஃபிளஷ், ஆயிலில் கலக்கும் மருந்துகள், கையேட்டில் இல்லாத தடித்த ஆயில் எதையும் தொடக் கூடாது. ஒட்டிய ரிங்கை அவை ஓரளவு இளக்கலாம், இளக்காமலும் போகலாம். ‘அங்கீகரிக்காத பொருள் ஊற்றப்பட்டது’ என்று எழுதத் தேவையான காரணத்தை மட்டும் கட்டாயம் கொடுத்துவிடும். அதற்காக ஆயில் குறையவிட்டு ஓட்டவும் கூடாது. சீல் வைத்த நிலையில் குறைந்தபட்சக் கோட்டை எட்டினால் டீலரிடம் போய் அவர்கள் கையாலேயே ஊற்றச் சொல்லி, அந்த அளவை ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டும். ஆயில் தீர்ந்து பேரிங் போய்விட்டால் ரிங் கோளாறைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை.

மற்ற கோளாறுகளை வேகமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சிக்கலில் சத்தம் இராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில்தான் வரும். சூடான எஞ்சினை டீலரிடம் ஓட்டிப்போய்க் காட்டினால் ஒன்றும் கேட்காது. வண்டியை முந்தைய நாளே விட்டுவிட்டு மறுநாள் காலையில் அவர்களையே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். கூடவே ஸ்கேனரில் கேம், கிராங்க் நிலைகளின் விலகலைப் படித்து அச்செடுக்கச் சொல்லலாம். கேமும் கிராங்க்கும் ஒத்துப்போகாததைச் சொல்லும் பி0016 வகைப் பிழைக் குறியீடு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அழிக்குமுன் ஃப்ரீஸ் ஃப்ரேம் (பிழை பதிவான நொடியில் எஞ்சின் இருந்த நிலை) தகவலோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயிலில் நனைந்து ஓடும் பெல்ட் என்றால் ரப்பர் உப்பி, உரிந்து, ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். பியூர்டெக்கில் பெல்ட்டின் அகலத்தை ஆயில் ஊற்றும் வாய் வழியே விட்டு அளக்கவே தனி கேஜ் இருக்கிறது. பிரேக் பெடல் திடீரென்று கல்லாக இறுகினால் வேக்குவம் பம்ப்புக்கும் அந்தக் குப்பை போய்விட்டது என்று பொருள், அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. கூலன்ட் மாயமாகக் குறைந்தால் குளிர்ந்த எஞ்சினில் பிரஷர் டெஸ்ட். அதில் அகப்படாவிட்டால் ரேடியேட்டர் வாயில் எரிந்த வாயுவுக்கான சோதனை: நீல திரவம் மஞ்சளானால் சிலிண்டர் வாயு கூலன்டில் கலக்கிறது.

எஞ்சினைத் திறக்கும் நாள்

எல்லாம் திரும்பும் இடம் இது. ராடு அடிக்கும் எஞ்சினை ‘பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்’ என்று டீலர் சொல்வார். உண்மைதான். ஒரு அனுமதிப் படிவத்தை நீட்டுவார். கோரிக்கை ஏற்கப்படாவிட்டால் பிரித்த கூலி, திரும்பப் பூட்டும் கூலி இரண்டும் உங்களுடையது என்று அதில் இருக்கும். அவசரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். கோளாறின் காரணத்தைச் சொல்லக்கூடிய சான்று முழுவதும் அந்தச் சம்புக்குள் இருக்கிறது, ஒருமுறை திறந்து துடைத்துவிட்டால் திரும்ப உண்டாக்க முடியாது. சாட்சி இல்லாமல் திறந்த எஞ்சின், காவல் வருமுன் கூட்டிப் பெருக்கிய களவு வீடு.

ஆகவே திறக்குமுன் நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவில் புகாரைப் பதிந்து கேஸ் நம்பர் வாங்கிவிட வேண்டும். டீலர் வேறு, நிறுவனம் வேறு. டீலருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் சொற்பம். வாரண்டி வேலைக்கு நிறுவனம் தரும் கூலி நேரம் பெரும்பாலும் வெளிவேலையைவிடக் குறைவு என்பதால் அவருக்கு அதில் பெரிய ஆர்வமும் இருக்காது. முடிவு, நிறுவனத்தின் வட்டார டெக்னிக்கல் மேனேஜர் கையில். அவருக்கு அனுப்ப மூன்றே கேள்விகள் போதும், ஆனால் எழுத்தில்: பிரிக்கும்போது நிறுவனத்தின் சார்பில் யார் வருகிறார், அல்லது படங்களை யார் பார்க்கிறார்? எந்தப் பாகங்களைப் பார்ப்பார்கள்? எது தெரிந்தால் தயாரிப்புக் கோளாறு, எது தெரிந்தால் பராமரிப்பின்மை? மூன்றாவதற்கு நேரான பதில் வருவது அபூர்வம். கேட்டது பதிவில் இருந்தாலே, பிறகு வரும் மறுப்பில் காரணத்தை மழுப்ப முடியாது. வெளி மெக்கானிக்கிடம் முதலில் பிரித்துப் பார்த்துவிட்டு ‘கன்ஃபர்ம் ஆனபின்’ நிறுவனத்திடம் போகலாம் என்று நினைப்பது கோரிக்கையை நாமே கொல்வதற்குச் சமம்.

பிரிக்கும்போது கூட இருக்க அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு படியிலும் படம் வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டும். முதலில் ஆயில்: சுத்தமான பாத்திரத்தில் வடித்து எவ்வளவு வந்தது என்று அளக்க வேண்டும், ஏனென்றால் ‘ஆயிலே இல்லாமல் ஓட்டினார்’ என்ற வாதம் இங்கேயே அடிபடும் அல்லது நிற்கும். எஞ்சின் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் சூடாக்கி, வடியும் ஆயிலின் தொடக்கத்தை விட்டு நடுவில் 100 மில்லி பிடித்துக் கிலோமீட்டரும் தேதியும் எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். செம்பு, ஈயம், தகரம் ஏறியிருந்தால் பேரிங். சிலிக்கான் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர் வழி தூசு, அது நமக்கு எதிரான சான்று. சோடியமும் பொட்டாசியமும் கூலன்ட் கலந்ததைக் காட்டும். அடுத்து ஃபில்டர்: வெளிக்கூட்டை வெட்டித் திறந்து மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மின்னும் துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பேரிங்கின் அலுமினியமோ செம்போ. அதற்கடுத்து வால்வ் கவரின் உட்புறம், சம்பின் அடி. பொன்னிற வார்னிஷ் படிவு சாதாரணம். கருப்பான களிம்பு கட்டியாகத் தங்கியிருந்தால் அதை ‘ஸ்லட்ஜ்’ என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். சுத்தமாக இருந்தால் அந்த ஒரு படம்தான் உங்கள் முதல் சாட்சி. அதை மெக்கானிக் எடுக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துக்கொள்வது உத்தமம்.

பிறகு பேரிங். ஷெல்களை (பேரிங்கின் அரைவட்ட உறைகள்) கழற்றியதும் ஒரே டிரேயில் குவித்துவிடுவது வழக்கம், அங்கேதான் கதை கலைந்துபோகிறது. சிலிண்டர் எண் வாரியாக, மேல் ஷெல் கீழ் ஷெல் பிரித்து, வரிசையாக வைத்துப் படம் எடுக்க வேண்டும். தேய்மானம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும். ஆயில் வற்றி அல்லது பிரஷர் விழுந்து போன எஞ்சினில் பாதிப்பு ஒன்றோடு நிற்காது. பல ஜர்னல்கள் (கிராங்க்கில் பேரிங் அமரும் வழவழப்பான பகுதிகள்) சூட்டில் நீலமோ கருப்போ பாய்ந்திருக்கும், மெயின் பேரிங்குகளும் அடிவாங்கியிருக்கும். கிராங்க்கின் ஒரு துளையில் தங்கிய துகள் என்றால் ஒரு ராடு பேரிங் சின்னாபின்னமாகி, பக்கத்தில் இருப்பவை நன்றாகவே இருக்கும். ஷெல்லில் சுற்றுவாக்கில் கோடுகளும், மென்மையான உலோகத்தில் புதைந்த துணுக்குகளும் தெரியும். ராடின் மேல் ஷெல்கள் மட்டும் எல்லா சிலிண்டரிலும் நசுங்கியிருந்தால் அது எரிதலின் அடி, ‘நாக்கிங்’ (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) அல்லது ரீமேப் (சக்தி கூட்ட எஞ்சின் கணினியின் நிரலை மாற்றுவது) பக்கம் கை நீளும். ஒரு ஷெல் முழுதாக உருகிச் சுழன்றுவிட்டால் அந்த இடத்தில் எதையும் படிக்க முடியாது. அதனால்தான் மீதி ஷெல்கள் முக்கியம். ராடு அடிக்கும் சத்தம் கேட்ட உடனே நிறுத்தி இழுத்துப் போனவரிடம் படிக்கக்கூடிய சான்று மிஞ்சும். ‘வீடுவரை ஓட்டிவிடலாம்’ என்று ஓட்டியவரிடம் பிளாக்கில் ஓட்டைதான் மிஞ்சும்.

முடிவு வரும்வரை பாகங்கள் எங்கே இருக்கும் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். நிறுவனம் செலவை ஏற்றால் பழைய பாகம் அதற்குச் சொந்தம். நீங்கள் செலவழித்தால் உங்களுக்குச் சொந்தம். மறுப்பு வந்தபின் தனி எஞ்சினியரிடம் ஆய்வறிக்கை வாங்க நினைத்தால், பழைய எஞ்சின் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விட்டது என்ற பதில் வரக் கூடாது.

பில்லும் கடிதமும்

சர்வீஸ் பதிவு என்றால் முத்திரை குத்திய புத்தகம் என்று நினைக்கிறார்கள். முத்திரையைவிடப் பில் வலிமையானது. அதில் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் அளவு, ஃபில்டர் பார்ட் நம்பர், ஆயிலின் தர எண் இருக்க வேண்டும். வெறும் 5டபிள்யூ-30 என்பது தடிமனை மட்டும் சொல்கிறது. நிறுவனம் கேட்பது தன் தர எண்ணை, ஃபோக்ஸ்வாகன் 504 00, பிஎம்டபிள்யூ எல்எல்-04 என்பது மாதிரி. சம்ப் 5.5 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு 4 லிட்டர் பில் இருந்தால் அந்தப் பில் உங்களுக்கு எதிராகவே பேசும். வெளியில் சர்வீஸ் செய்ததாலேயே வாரண்டி போகாது என்பது பல நாடுகளில் சட்டம். அமெரிக்காவின் மேக்னசன்-மாஸ் சட்டம் 1975-இலிருந்து அதைத்தான் சொல்கிறது. ஆனால் குட்வில் என்பது வாரண்டி அல்ல, நிறுவனம் விரும்பினால் தரும் சலுகை. அங்கே டீலரிடமே சர்வீஸ் செய்தவருக்கு முன்னுரிமை இருப்பது கசப்பான உண்மை. பழைய வண்டி வாங்கியவர் பதிவு இல்லை என்று கைவிட வேண்டாம். சேசிஸ் நம்பரை வைத்து டீலரின் கணினியில் பழைய வேலைகளை எடுக்கலாம், முந்தைய உரிமையாளரின் ஆயில் பில்களைத் தேடிக் கோக்கலாம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கோபமும் வழக்கு மிரட்டலும் முதல் கடிதத்தில் வந்தால் அது வாடிக்கையாளர் பிரிவிலிருந்து சட்டப் பிரிவுக்குத் தாவிவிடும், அங்கே ‘சலுகை’ என்ற சொல்லே கிடையாது. எழுத வேண்டிய தொனி இது: ‘சேசிஸ் நம்பர் இது. முதல் பதிவு இந்தத் தேதி. 92,000 கி.மீ. ஓடியது. உங்கள் புல்லட்டினில் உள்ள முறைப்படி உங்கள் டீலர் செய்த சோதனையில் 1,000 கி.மீ.க்கு 0.7 லிட்டர் குறைந்தது, ஜாப் கார்டு இணைப்பு 1. எல்லா ஆயில் மாற்றமும் அட்டவணைக்குள், உரிய தர எண்ணில், பில்கள் இணைப்பு 2. வால்வ் கவரின் உட்புறப் படம் இணைப்பு 3. இதே பழுதை இந்தத் தேதியில் வாரண்டிக்குள்ளேயே தெரிவித்தேன், இணைப்பு 4. பாகங்கள் முழுவதையும், கூலியில் பாதியையும் ஏற்கக் கோருகிறேன். இந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் தேவை.’ கேட்பதை எண்ணாகக் கேட்பது முக்கியம். ‘ஏதாவது உதவுங்கள்’ என்றால் ஒரு இலவச சர்வீஸ் கூப்பன் வரும். குட்வில் பெரும்பாலும் பாகத்துக்கு ஒரு சதவீதம், கூலிக்கு ஒரு சதவீதம் என்று தனித்தனியாகப் பேசப்படுவது. முதல் பதில் கடைசிப் பதிலும் அல்ல. மறுத்தால் காரணத்தையும் ஆய்வறிக்கையையும் எழுத்தில் கேட்டு, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லி மறுபரிசீலனை கோர வேண்டும். நுகர்வோர் மன்றமோ ஒழுங்குமுறை அமைப்போ அதற்குப் பிறகுதான், அப்போதும் இதே இணைப்புகள்தான் கூட வரும்.

ஒப்புக்கொண்ட பிறகு

நிறுவனம் ‘சரி’ என்றதும் நிம்மதியில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். ஒப்புதலோடு ஒரு காகிதம் வரும். இனி இந்த எஞ்சின் தொடர்பாக எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று அதில் ஒரு வரி இருந்தால், அது நடந்த பழுதுக்கு மட்டுமா, புதிதாகப் போடும் எஞ்சினுக்குமா என்று தெளிவாக்கிக்கொண்டே கையெழுத்திட வேண்டும். மாற்றும் பாகத்துக்குத் தனி வாரண்டி எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் என்பது பில்லிலேயே வர வேண்டும்.

பார்ட் நம்பரைப் பார்க்க வேண்டும். திருத்திய வடிவம் வந்திருந்தால் எண்ணின் கடைசி எழுத்தோ இலக்கமோ மாறியிருக்கும். கிடங்கில் தங்கிய பழைய வடிவத்தையே பூட்டினால் அதே பழுது அதே தூரத்தில் திரும்பும். ஜெனரல் மோட்டார்ஸ் 2025-இல் தன் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்கு விட்ட ரீகாலில், சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு ஆயிலையே 0டபிள்யூ-20-இலிருந்து 0டபிள்யூ-40-க்கு மாற்றி, நிரப்பும் மூடியையும் மாற்றியது. அப்படி ஏதாவது மாற்றம் உங்கள் எஞ்சினுக்கும் வந்திருந்தால் கையேட்டில் பழைய எண்ணே இருக்கும், அடுத்த சர்வீஸில் யாரோ பழையதையே ஊற்றுவார்கள்.

பேரிங் போன எஞ்சினில் ஷார்ட் பிளாக் மட்டும் மாற்றுவதாக இருந்தால் ஆயில் கூலரும் புதிதா என்று கேட்க வேண்டும். அதன் குறுகிய வழிகளில் தங்கிய துகளை எந்த ஃபிளஷாலும் நம்பிக்கையாக வெளியேற்ற முடியாது, அது புது பேரிங்குக்கே வந்து சேரும். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய், வால்வ் டைமிங் சோலனாய்டுகளின் சல்லடை ஆகியவற்றுக்கும் இதே கதி. கூலரைக் குட்வில்லில் சேர்க்க மறுத்தால் அதைக் கைக்காசில் போடுவது லாபம். முதல் 1,000 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்த்துப் படம் எடுத்து, அந்தப் பில்லோடு சேர்த்து வைக்க வேண்டும்.